இருபது டொலரும் ஒரு பாலைவனப் பயணமும்



1940 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஸ்பர் என்னும் சிற்றூரிலிருந்து ஒரு பழைய மோட்டார்க் கார் மேற்கு நோக்கிப் புறப்பட்டது. காரின் சொந்தக்காரர் பிரெட் எட்வார்ட்ஸ் என்பவர். கலிபோர்னியா மாநிலத்து மேரிஸ்வில் என்னும் ஊரிற் குடியிருப்பவர். அவருடன் கூடச் சென்றவர் அவர் மனைவியின் சகோதரராகிய பிராங்க் டங்கன். நம்மவர் வழக்கிற் சொல்வதானால், மச்சான். டங்கனுக்கு அப்பொழுது தொழில் இல்லை. அரசாங்கத்தின் நிவாரண வேலைத் திட்டமொன்றிற் கடைசியாக வேலை பார்த்திருந்தார். புறப்படும்போது அவரிடம் இருந்த பணம் ஏறத்தாழ 20 டொலர். ஜனவரி 3 ஆந் திகதி நெவாடா மாநிலத்தின் வழியாக அவர்கள் கலிபோர்னியா எல்லைக்குட் புகுந்தார்கள். 5 ஆந் திகதி மேரிஸ்வில் வந்து சேர்ந்தார்கள். ஏறத்தாழ 1,500 மைல். ஐந்து நாட் பயணம். வந்து சேர்ந்தபோது அந்த 20 டொலரும் செலவாகிப் போயிருந்தது.

தொழிலில்லாத மைத்துனரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்த இந்தச் செயலுக்காக எட்வார்ட்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். குற்றவாளியெனக் காணப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார். அத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டதாயினும் தீர்ப்புத் தீர்ப்பேயன்றோ!

இவ்வழக்கை நான் எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு முதன்முறையாக எடுத்துரைத்தபோது, பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்த மச்சான் ஏதும் களவெடுத்தவரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பின்னை என்ன குற்றம்?" என்றான். அவனுக்கு அன்று நான் சொன்ன விடையையே இன்று சற்று விரித்து உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். அதற்கு நாம் நீதிமன்றத்திலிருந்து தொடங்குவதிற் பயனில்லை. பாதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பாலைவனம் என்றதும் நம்மிற் பலருக்கு அரேபியாவும் சகாராவும் ஒட்டகமுமே நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலும் பெரும் பாலைவனங்கள் உள. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவின் கிழக்கெல்லையிற் கிடக்கும் மொகாவி. அங்கும் ஒட்டகங்கள் நடந்ததுண்டு என்றால் வியப்படைவீர்கள். 1857 ஆம் ஆண்டில் எட்வேட் பீல் என்பவர் அரசாங்கத்துக்காக வண்டிப்பாதை ஒன்றை அளந்து வகுக்கச் சென்றபோது, மத்தியதரைக்கடற் பக்கத்து நாடுகளிலிருந்து இராணுவம் வரவழைத்த ஒட்டகங்களில் 25 ஐ உடன் கொண்டு சென்றார். அப்பாதையை ஒட்டியே பின்னர் புகையிரதம் வந்தது. 1883 ஆம் ஆண்டில் இருபுறத்திலிருந்தும் போடப்பட்டு வந்த இருப்புப் பாதைகள் நீடில்ஸ் என்னுமிடத்தில் ஒன்று சேர்ந்தன. நீடில்ஸ் என்றால் ஊசிகள். அருகிலுள்ள மலைமுடிகள் ஊசி ஊசியாக நிற்பதால் வந்த பெயர். அதற்கு மேற்கே புகைவண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக அமைத்த நிலையங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள், வேறு பெயர் தோன்றாமையாலோ என்னவோ, ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையிலேயே சூட்டிவிட்டார்கள். அம்போய், பிரிஸ்டல், கடிஸ், டான்பி என்று அது செல்லும். வகுப்பு இடாப்பில் மாணவர் பெயரை அடுக்குவது போன்ற காரியந்தான். ஊரே இல்லாத இடத்துக்குப் பெயரிடுவதாக அவர்கள் எண்ணியிருக்கலாம். கொலராடோ ஆற்றங்கரையில் மொகாவி என்னும் ஆதிக்குடியினர் ஆற்று வெள்ளத்தை நம்பிச் சோளமும் பூசணியும் விளைவித்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர் என்பதையும் உடன் சொல்லிவிடுதல் முறை.

ஒட்டகத்துக்கும் புகைவண்டிக்கும் பிறகு கார் வந்தது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் பெருந்தெருக்களுக்கு இலக்கமிட்டபோது, சிக்காகோ நகரிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிச் செல்லும் பாதை 66 ஆம் இலக்கத்தைப் பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 2,400 மைல். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நமது தீவின் முழு நீளமும் 270 மைலளவே என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தகைய தீவுகள் ஒன்பதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாற் கிடைக்கும் தூரம் அது. முழுப் பாதைக்கும் தார் போட்டு முடிக்க 1938 ஆம் ஆண்டு ஆயிற்று. 1930 களில் டெக்சாஸ், ஒக்லஹோமா, ஆர்க்கன்சா, மிசூரி ஆகிய மாநிலங்களிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தார்கள். அவருட் பெருந்தொகையினர் சென்ற வழி இந்த 66 ஆம் இலக்கப் பெருந்தெருவே.

அவர்கள் சென்ற விதத்தைச் சற்றே பார்ப்போம். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு காரில். கூரைமேல் மெத்தைகள். பின்புறத்தில் அடுப்பும் பானை சட்டியும். பக்கத்தில் கயிற்றாற் கட்டிய பழைய ரயர்கள். முன்புறத்திலே தடித்த துணியாலாகிய தண்ணீர்ப் பை ஒன்று தொங்கும். துணியினூடாகக் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது பைக்குள்ளிருக்கும் தண்ணீர் குளிர்ந்துவிடும். நமது மண்பானையின் விஞ்ஞானமும் இதுவேயன்றோ? அந்தத் தண்ணீர் மனிதருக்கு மாத்திரமன்று. காரின் றேடியேற்றர் கொதித்தால் முதலில் அதற்கே ஊற்ற வேண்டும். பிள்ளைக்குத் தாகம், காருக்கும் தாகம் என்னும் நிலை வந்தால், காருக்கு ஊற்றாவிடில் பிள்ளைக்கும் பிழைப்பில்லை.

அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் சிற்கிறீவ்ஸ் கணவாய் என்றொரு மலைவழி உண்டு. அக்காலத்திற் பாதை அதன்மீது ஏறி ஓட்மன் என்னும் சுரங்கப் பட்டினத்துக்கு வளைந்து வளைந்து இறங்கும். போர்ட் கம்பனியின் பழைய 'மொடல் ரீ' கார்களுக்கு இம்மலை பெரும் பகையாய் இருந்தது. அக்கார்களில் பெற்றோலை இயந்திரத்துக்குத் தள்ளிவிடும் பம்பு இல்லை. இருக்கையின் கீழேயுள்ள தாங்கியிலிருந்து பெற்றோல் தானாகவே வடிந்து முன்னே செல்ல வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் காரின் முன்புறம் மேலே உயர்ந்துவிட்டால் பெற்றோல் போய்ச் சேராது, இயந்திரம் நின்றுவிடும். என் செய்வது? காரைத் திருப்பிவைத்துப் பின்புறமாகவே மலையேறினார்கள்! மனைவி மக்களையும் மெத்தையையும் சுமந்துகொண்டு, வந்த திசையைப் பார்த்தபடி, போகும் திசைக்கு ஏறிய மக்கள் அவர்கள். அதற்கும் துணிவில்லாதவர்கள் காசு கொடுத்து வேறு வண்டியாற் காரை இழுப்பித்தார்கள்.

மலையிறங்கினாற் கொலராடோ ஆறு. 1916 ஆம் ஆண்டிற் கட்டிய உருக்கு வளைவுப் பாலம் ஒன்றைக் கடந்தால் கலிபோர்னியா. ஆற்றங்கரையிலே குடும்பங்கள் தங்கிக் குளித்து, உடைகளைத் தோய்த்துலர்த்தி, மாலை வரை காத்திருக்கும். கோடையில் நீடில்ஸ் பகுதியின் வெப்பம் 120 பாகை பரனைற்றை எட்டுவதுண்டு. ஆதலின் பொழுது சாய்ந்தபின் புறப்பட்டு, இரவோடிரவாகப் பாலைவனத்தைக் கடப்பதே வழக்கம். நீடில்சிலிருந்து பார்ஸ்டோ நகர் வரை 140 மைலுக்கு மேல் உண்டு. இடையில் எசெக்ஸ் என்னும் சின்னஞ்சிறிய இடத்திற் பயணிகளுக்கு இலவசமாகத் தண்ணீர் வழங்கும் கிணறு ஒன்று இருந்தது. இலவசம் என்பதே அவ்விடத்துக்குப் பெயரை ஈட்டிக் கொடுத்தது என்றால், மற்ற இடங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். பார்ஸ்டோவிலிருந்து ஒரு பாதை லொஸ் ஏஞ்சல்சுக்குத் திரும்பும். மற்றொன்று தெகாச்சபி மலையைக் கடந்து சான் வோக்கின் பள்ளத்தாக்குக்கு இறங்கும். விடியற்காலையில் அம்மலைச் சரிவில் வந்து நின்றவர்கள் கீழே பார்த்தால் பழத்தோட்டமும் திராட்சையும் பருத்தியும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேலென விரிந்து கிடக்கும். அவற்றில் ஒரு சாண் நிலமும் அவர்களுடையதன்று என்பது பின்னரே மனத்திற் படும்.

எல்லாக் குடும்பங்களுக்கும் இப்பாதை ஒரே பாதையாய் இருந்ததுமில்லை. கறுப்பு இனத்தவருக்கு வழியிலுள்ள தங்குமிடங்கள் பலவற்றிற் கதவு திறக்கப்படவில்லை. அவர்களுக்கு இடம் கொடுக்கும் வீடுகள், உணவுச்சாலைகளின் பெயர்களைத் திரட்டி விக்டர் கிரீன் என்பவர் 1936 ஆம் ஆண்டு முதல் ஒரு கைந்நூலை வெளியிட வேண்டியிருந்தது. படுக்க இடமின்றி இரவிலும் ஓட்டிச் செல்ல வேண்டியவனுக்கு 2,400 மைல் இன்னும் நீண்ட தூரம்.

இவ்வளவு மக்கள் ஏன் பெயர்ந்தார்கள்? புழுதிப் புயலால் என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரியிற் சொல்லிவிடும். 1935 ஆம் ஆண்டு ஏப்ரில் 14 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலை இருளாக்கிய புழுதிப் புயல் ஒன்று ஒக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களின் வடமேற்கு மூலையை மூடியது உண்மை. ஆயினும் கலிபோர்னியாவுக்குச் சென்றவருட் பெரும்பாலோர் அப்புழுதி நாட்டினர் அல்லர்; அதற்குக் கிழக்கேயும் தெற்கேயும் பருத்தி விளைவித்த வாரக்குடிகளும் கூலிக்காரரும் நகரத்துத் தொழிலாளருமே. அவர்களை எழுப்பியது காற்று மாத்திரமன்று. பருத்தியின் விலை வீழ்ந்தது. 1933 ஆம் ஆண்டில் விலையை உயர்த்தும் நோக்கத்துடன், விளைச்சலைக் குறைக்கும் காணிக்காரருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. காணிக்காரர் நிலத்தைத் தரிசாக விட்டார்கள். தரிசு நிலத்துக்கு வாரக்குடி எதற்கு? கிடைத்த பணத்தில் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. பல குடும்பங்கள் செய்த வேலையை அந்த ஒன்று செய்தது. வறட்சிக்கு வானத்தைக் குறை கூறலாம். இதற்கு வானம் பொறுப்பன்று என்பது என் கருத்து.

காணியை இழந்தவனிடம் கார் மாத்திரம் எப்படி இருந்தது என்று நேயர்கள் கேட்கலாம். நம் நாட்டில் அக்காலத்திற் கார் செல்வத்தின் அடையாளம். அமெரிக்காவிலோ 1920 களிலே கார் மலிந்து, பழைய கார்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. வீடு வாடகை, நிலம் வாரம்; சொந்தமென்று சொல்லக் கூடியது கார் ஒன்றே. வீட்டை இழந்தபோது அதுவே வீடாயிற்று.

இனி எல்லைக்கு வருவோம். கலிபோர்னியாவின் எல்லைப் பாதைகளில் விவசாயத் திணைக்களத்தின் பரிசோதனை நிலையங்கள் இருந்தன. வெளியிலிருந்து வரும் பழங்களோடும் செடிகளோடும் பூச்சி புழு நுழையாமற் பார்ப்பது அவற்றின் கடமை. 1935 ஆம் ஆண்டு முதல் அந்த உத்தியோகத்தருக்கே இன்னொரு வேலையும் கொடுக்கப்பட்டது: கூலி வேலை தேடி வருபவர்களாகத் தோன்றுவோரை எண்ணிக் கணக்கு வைத்தல். தோடம்பழத்திற் புழு தேடிய கண்கள் மனிதரையும் எண்ணத் தொடங்கின. எண்ணியதோடு நிற்கவுமில்லை. 1936 ஆம் ஆண்டு பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் 136 பொலிசாரை மாநில எல்லைகளுக்கு அனுப்பினார். அவர்கள் 16 இடங்களில் நின்று, கையிற் பணமில்லாதவர்களையும் வேலைக்கு உறுதியில்லாதவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நகரத்தின் பொலிசாருக்கு அந்நகரத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் அப்பால் உள்ள எல்லைகளில் என்ன அதிகாரம் என்ற கேள்வி எழாமலில்லை. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அம்முயற்சி கைவிடப்பட்டது. மலையிற் பின்புறமாக ஏறி, ஆற்றங்கரை வரை வந்து, பாலத்தின் அப்புறத்திலிருந்து திருப்பப்பட்ட குடும்பங்கள் மீண்டும் அதே மலையை ஏறின.

பொலிசார் போனார்கள், சட்டம் போகவில்லை. கலிபோர்னியாவின் நலன்புரிச் சட்டக்கோவையில் 2615 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மாநிலத்திற் குடியிருக்காத வறியவர் ஒருவரை, அவர் வறியவரென அறிந்தும், மாநிலத்துக்குள் அழைத்து வருவதோ அழைத்துவர உதவுவதோ குற்றம் என்று அது கூறிற்று. இதனைக் கலிபோர்னியாவின் புதுக் கண்டுபிடிப்பு என எண்ண வேண்டா. ஏழையை அவன் பிறந்த ஊரே தாங்க வேண்டும், பிற ஊர் அவனை ஓட்டிவிடலாம் என்ற கொள்கை, முதலாம் எலிசபெத்து மகாராணியின் காலத்து ஆங்கிலேய ஏழைகள் சட்டத்தின் வழியாக வந்த பழங்கொள்கை. அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன. இந்த 2615 ஆம் பிரிவின் வலையிலேதான் எட்வார்ட்ஸ் அகப்பட்டார்.

மைத்துனரை அழைத்துவரப் போனபோது அவருக்குத் தொழிலில்லை என்பதை எட்வார்ட்ஸ் கேட்டறிந்திருந்தார். அது வழக்கில் அவருக்கே எதிராய் நின்றது. அறிந்தே அழைத்து வந்தீர் என்றது சட்டம். அறியாமல் யாராவது மச்சானை அழைத்து வருவார்களா? டங்கன் ஏறத்தாழ பத்து நாள் எட்வார்ட்சின் வீட்டிலே தங்கினார். அதன்பின் மத்திய அரசாங்கத்தின் கமத்தொழிற் பாதுகாப்பு நிர்வாகம் அவருக்குப் பண உதவி அளித்தது. ஒரு அரசாங்கம் வந்தவருக்கு உதவி கொடுக்க, இன்னொரு அரசாங்கம் அவரை அழைத்து வந்தவருக்குத் தண்டனை கொடுத்த விசித்திரத்தைக் கவனியுங்கள்.

மேரிஸ்வில் சிறு நீதிமன்றத்தின் தீர்ப்பை மாவட்ட மேல்மன்றமும் உறுதி செய்தது. குடியியல் உரிமைகளுக்கான அமெரிக்கச் சங்கத்தின் உதவியோடு வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கலிபோர்னியாவையே காங்கிரசிற் பிரதிநிதித்துவம் செய்தவரும், வறியவர் இடம்பெயர்வை ஆராய்ந்த காங்கிரஸ் குழுவின் தலைவருமான ஜோன் டோலன், தம் மாநிலத்தின் சட்டத்துக்கு எதிராகவே நீதிமன்றத்திற் கருத்துரைத்தார். அது எளிதிற் செய்யக் கூடிய காரியமன்று. வழக்கு ஒரு முறை வாதிக்கப்பட்டு, மறுபடியும் வாதிக்கப்பட்டது. 1941 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆந் திகதி தீர்ப்பு வந்தது. நீதியரசர் எவரும் மாறுபடாமல், சட்டம் செல்லாது என்றார்கள்.

முடிவில் ஒன்றுபட்டவர்கள் காரணத்தில் ஒன்றுபடவில்லை. வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பேர்ன்ஸ், மாநிலங்களுக்கிடையேயான வர்த்தகத்தை ஒழுங்குசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது, மனிதர் எல்லை கடப்பதும் அதனுள் அடங்கும் என்றார். நாடு முழுவதையும் தாக்கிய துன்பத்திலிருந்து ஒரு மாநிலம் மாத்திரம் தன் கதவை அடைத்துத் தப்பிக்கொள்ளல் ஆகாது என்றார். வெளியே நிறுத்தப்படுபவனுக்கு அம்மாநிலத்தில் வாக்குரிமை இல்லை; ஆதலால் அச்சட்டத்தை மாற்றும் வழியும் அவனுக்கில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். 1837 ஆம் ஆண்டில் இதே நீதிமன்றம், நோயைத் தடுப்பதுபோல் ஏழைகளின் வருகையையும் ஓர் ஒழுக்கக் கொள்ளைநோயாகக் கருதித் தடுக்கலாம் எனக் கூறியிருந்தது. அக்கருத்தைப் பேர்ன்ஸ் ஒதுக்கினார். வறுமை வேறு, ஒழுக்கக்கேடு வேறு என்பது நீதிமன்ற ஏட்டில் ஏறுவதற்கு 104 ஆண்டு பிடித்தது. இதே பேர்ன்ஸ் பிற்காலத்திலே தென் கரோலினா மாநிலத்தின் ஆளுநராய் இருந்து, பாடசாலைகளில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துவைக்கும் முறைக்காக வாதாடினார் என்பதையும் மறைக்கலாகாது. ஒரே மனிதர் ஒரு கதவைத் திறப்பார், இன்னொன்றை அடைப்பார்.

நீதியரசர் டக்ளஸ், வேறு இருவர் அவரோடு சேர, வர்த்தகம் என்ற வாதத்தோடு அமையாமல், எங்கும் செல்லும் உரிமை குடியுரிமையோடு பிறந்தது என்றார். நீதியரசர் ஜாக்சன், மனிதனின் பயணத்தை வர்த்தகச் சரக்குகளின் வரிசையில் வைப்பதற்கே தயங்கினார். போர் மூண்டால் டங்கனின் கையிற் பணமில்லையென்று நாடு அவரைப் போர்முனைக்கு அழைக்காமல் விடுமா? கலிபோர்னியாவைக் காக்கும் கடமை அவருக்குண்டென்றால், கலிபோர்னியாவுக்குள் வரும் உரிமையும் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். சட்டநுணுக்கத்திற் பேர்ன்சின் வழி பாதுகாப்பானது எனக் கற்றோர் கூறலாம். என் மனம் ஜாக்சனிடமே செல்கின்றது.

அவர் சொன்னது சொல்லளவில் நிற்கவில்லை. தீர்ப்பு வந்து பதின்மூன்றாம் நாள், டிசம்பர் 7 ஆந் திகதி, ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. கலிபோர்னியாவின் கப்பல் தளங்களும் விமானத் தொழிற்சாலைகளும் ஆள் போதாமல் அலறத் தொடங்கின. ஒக்லஹோமாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் மக்கள் மீண்டும் அதே பாதையால் வந்தார்கள். 1930 களில் வந்தவர்களிலும் 1940 களில் வந்தவர்களே அதிகம். அவர்களை எல்லையில் நிறுத்தி எவரும் காசு கேட்கவில்லை.

முன்பு கேள்வி கேட்ட அந்த மாணவன், பாடம் முடிந்தபின் என் அறைக்கு வந்து இன்னொன்று கேட்டான்: "ஐயா, அந்த 20 டொலரை அவர் என்ன செய்தவர்?" நீதிமன்றம் அதை ஒரே வாக்கியத்தில், வந்து சேருமுன் செலவாகிவிட்டது என்று முடித்துவிட்டது என்றேன். "பெற்றோலுக்குத்தான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

66 ஆம் இலக்கப் பெருந்தெரு 1985 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பெருந்தெருப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே அகன்ற புதுச்சாலை பாலைவனத்தின் குறுக்கே வேறு வழியாற் சென்றுவிட்டது; எசெக்சும் அம்போயும் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. எல்லையிலுள்ள விவசாயப் பரிசோதனை நிலையங்கள் மாத்திரம் இன்றும் இருக்கின்றன. பாலைவனத்துக்குள் நுழையுமுன் உத்தியோகத்தர் காரை மறித்து, பழம் உண்டா, செடி உண்டா என்று கேட்கிறார்கள்.